26 பேர், 7 குழு, ஒரே நாள்: நண்பர்கள் கோல்ஃப் அவுட்டிங்கை எப்படித் திட்டமிடுவது?

ரஃப்ஓரம்:

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் கோல்ஃப் நண்பர்கள் குழுவின் அவுட்டிங். ஏற்பாடு முழுக்க என் தலையில். மொத்தம் 26 பேர். 21 பேரிடம் அதிகாரபூர்வ ஹேண்டிகேப் இன்டெக்ஸ் (திறமை அளவு; எண் குறைந்தால் நல்ல ஆட்டக்காரர்) இருக்கிறது, 7.2 தொடங்கி 31.0 வரை. மீதி 5 பேரிடம் எதுவும் இல்லை. அதில் இரண்டு பேருக்கு 18 ஹோல் தொடர்ந்து ஆடியே பழக்கமில்லை.

ஸ்டேபிள்ஃபோர்டு (ஒவ்வொரு ஹோலுக்கும் பாயின்ட் தரும் முறை) வைக்கலாம் என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது. கிளப்பில் காலை 8 மணியிலிருந்து டீ டைம் (குழு ஆட்டத்தைத் தொடங்கும் நேரம்) தருகிறார்கள். எத்தனை நிமிட இடைவெளி வேண்டும் என்று நம்மிடமே கேட்கிறார்கள்.

என் சந்தேகங்கள்:

1. இடைவெளி எவ்வளவு? இல்லை, ஷாட்கன் ஸ்டார்ட் (எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோலில் தொடங்குவது) கேட்கலாமா?
2. ஹேண்டிகேப் இல்லாத 5 பேரை எப்படிச் சேர்ப்பது? மற்றவர்களுக்கு இன்டெக்ஸை அப்படியே கார்டில் எழுதினால் போதுமா?
3. ஐந்தரை மணி நேரம் இழுக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும்?
4. நியரஸ்ட் தி பின் (குழிக்கு மிக அருகில் அடித்தவருக்குப் பரிசு), லாங்கஸ்ட் டிரைவ் (மிகத் தூரம் அடித்தவருக்குப் பரிசு) எந்த ஹோலில் வைப்பது?

நிறைய முறை நடத்தியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏழாம்இரும்பு:

1-க்கும் 3-க்கும் சேர்த்தே பதில், இரண்டும் ஒரே விஷயம்தான்.

இடைவெளியை 7 நிமிடமாக நெருக்கினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். அடைப்பு விழுவது எப்போதும் முதல் பார்-3இல், அதாவது மூன்று அடியில் முடிக்கவேண்டிய குட்டை ஹோலில். பார்-4இல் முன் குழு இரண்டாவது ஷாட்டை அடித்துவிட்டு நகர்ந்தால் போதும், பின் குழு டீயில் (ஹோலின் தொடக்க இடத்தில்) அடிக்கலாம். ஒரே ஹோலில் இரண்டு குழுவுக்கு இடம் உண்டு. பார்-3இல் அந்த வசதி கிடையாது. முன் குழு கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) விட்டு இறங்கும்வரை பின் குழு நின்றே ஆகவேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹேண்டிகேப் அதிகமுள்ள நான்கு பேர் ஒரு பார்-3ஐ முடித்து இறங்க 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 7 நிமிடம் என்றால் இரண்டாவது குழு அந்த டீயில் 3 நிமிடம் நிற்கும், மூன்றாவது 6 நிமிடம், ஏழாவது 18 நிமிடம். யாரும் மெதுவாக ஆடவில்லை, ஆனாலும் 18 நிமிடம் போய்விட்டது. அதுவும் முதல் பார்-3இல் மட்டும். இடைவெளி 10 நிமிடம் என்றால் இந்தக் காத்திருப்பே வராது. 7 குழுவுக்கு முதல் டீ டைம் 8:00, கடைசி டீ டைம் 9:00. ஒரு சுற்றுக்கு நாலரை மணி நேரம் வைத்தால் கடைசிக் குழு 1:30க்கு வந்துவிடும்.

26 என்பது நாலு பேர் கொண்ட 5 குழு, மூன்று பேர் கொண்ட 2 குழு. மூன்று பேர் குழுக்கள் இரண்டையும் முதலில் அனுப்புங்கள். பலர் கடைசியில் விடுகிறார்கள், அது தப்பு. மூன்று பேர் வேகமாக ஆடுவார்கள். நாலு பேருக்குப் பின்னால் விட்டால் நாள் முழுக்க ஒவ்வொரு டீயிலும் நிற்கவேண்டியதுதான். முன்னால் விட்டால் வழி காலியாக இருக்கும், அன்றைய வேகத்தையும் அவர்களே நிர்ணயிப்பார்கள்.

மெதுவாக ஆடுபவர்களை ஒரே குழுவில் கொட்டாதீர்கள். கடைசிக் குழுவிலும் போடாதீர்கள், பின்னாலிருந்து தள்ள ஆளே இருக்காது. நடுக் குழுக்களில் ஒவ்வொருவராகப் பிரித்து, விதி தெரிந்த ஒரு குறைந்த ஹேண்டிகேப் ஆளோடு சேர்த்துவிடுங்கள். குழுவுக்கு ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். அவருக்கு ஒரே வேலை: முன் குழுவோடு தூரம் விழாமல் பார்ப்பது. பின்னால் இருப்பவர்களைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை. ஒரு பார்-4 டீக்கு வரும்போது ஃபேர்வேயிலும் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள பாதையிலும்) ஆளில்லை, கிரீனிலும் ஆளில்லை என்றால் ஒரு முழு ஹோல் பின்தங்கியாயிற்று என்று அர்த்தம்.

நீளமான பார்-3 இருந்தால் இன்னொரு உத்தி. முன் குழு கிரீனுக்கு வந்ததும் பந்துகளை மார்க் செய்து எடுத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்று, பின் குழுவை டீயில் அடிக்கச் சொல்லிக் கை காட்டலாம். அவர்கள் அடித்துவிட்டு நடந்து வரும் நேரத்தில் இவர்கள் பட் போட்டு முடித்துவிடலாம். எந்த ஹோலில் இப்படிச் செய்வது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், கிரீனில் நின்று யோசிக்கக் கூடாது.

ஷாட்கன் வேண்டாம். 7 குழுவுக்காக 18 ஹோலையும் வேறு யாரும் இல்லாமல் காலி செய்யச் சொன்னால் எந்த கிளப்பும் யோசிக்கும். 1, 10 என இரண்டு டீயில் தொடங்குவது நடுவழி: முதல் டீயில் 4 குழு, பத்தில் 3 குழு, கடைசி டீ டைம் 8:30. ஆனால் ஒன்பது ஹோல் முடித்துத் திரும்பும்போது அடுத்த டீ காலியாக இருக்கும் என்று கிளப் உறுதி தந்தால்தான் இதில் பலன். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த அரை மணி நேரத்தை நடுவில் தொலைத்துவிடுவீர்கள்.

அப்புறம் டீ. "ஒரே ஒரு முறை பின் டீயிலிருந்து ஆடிப் பார்ப்போமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். மறுத்துவிடுங்கள். ஒருவர் 5-அயர்ன் மட்டையில் அடிக்கும் தூரத்தை 36ஆல் பெருக்கினால் அவருக்கு ஏற்ற கோர்ஸ் நீளம் தோராயமாகக் கிடைக்கும். 150 கஜம் அடிப்பவருக்கு 5,400 கஜம். அவரை 6,600 கஜ டீயில் நிறுத்தினால் அவருக்கும் சந்தோஷமில்லை, பின்னால் வருபவர்களுக்கும் இல்லை.

கார்டுகணக்கு:

இரண்டாவது கேள்விக்கு: இன்டெக்ஸை அப்படியே கார்டில் எழுதக் கூடாது. இன்டெக்ஸ் என்பது ஆளின் திறமை அளவு. அந்த கோர்ஸில், அந்த டீயில் எத்தனை ஸ்ட்ரோக் (அடிச் சலுகை) என்பது வேறு.

கோர்ஸ் ஹேண்டிகேப் = இன்டெக்ஸ் × (ஸ்லோப் ரேட்டிங் ÷ 113) + (கோர்ஸ் ரேட்டிங் − பார்)

ஸ்லோப், கோர்ஸ் ரேட்டிங் இரண்டும் அந்த டீ எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்கள். இன்டெக்ஸ் 18.4, ஸ்லோப் 126, கோர்ஸ் ரேட்டிங் 71.2, பார் 72 என்று எடுத்துக்கொள்வோம். 18.4 × 126 ÷ 113 = 20.52. அதிலிருந்து 0.8 கழித்தால் 19.72. தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு 95%, 18.73, ஆக 19 ஸ்ட்ரோக். நடுவில் 19.72ஐ 20 ஆக்கிவிட்டு அதில் 95% எடுக்காதீர்கள். முழு எண்ணாக்குவது கடைசியில் மட்டும். சில ஆட்களுக்கு இதிலேயே ஒரு ஸ்ட்ரோக் மாறிவிடும்.

ஒவ்வொரு டீக்கும் ஸ்லோப், ரேட்டிங் வேறு வேறு. சிலர் முன் டீயில் ஆடினால் அவர்களுக்கு அந்த டீயின் எண்களைப் போட்டாலே சரியாகிவிடும், தனியாக எதுவும் கூட்டிக் குறைக்க வேண்டாம். கிளப்பில் பட்டியல் தொங்கும், முன்கூட்டியே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரோக்கைப் பிரிப்பது ஸ்ட்ரோக் இன்டெக்ஸ்படி (ஒவ்வொரு ஹோலுக்கும் கார்டில் உள்ள 1 முதல் 18 வரை வரிசை எண்). 19 என்றால் எல்லா ஹோலிலும் ஒன்று, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 1 ஹோலில் மட்டும் இரண்டு. ஆளுக்கொரு ஸ்டிக்கரில் பெயர், டீ டைம், ஸ்ட்ரோக் எண்ணிக்கை அச்சடித்து கார்டில் ஒட்டி, ஸ்ட்ரோக் விழும் ஹோல்களில் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுங்கள். 26 கார்டுக்கு முந்தின நாள் இரவு ஒரு மணி நேரம் ஆகும். புள்ளி இல்லாமல் கொடுத்தால் ஒவ்வொரு கிரீனிலும் "இங்கே எனக்கு ஒன்றா, இரண்டா?" என்ற பஞ்சாயத்து நடக்கும்.

பங்கர்வாசி:

கார்டுகணக்கு சொன்ன வழிமுறை முழுக்கச் சரி, ஒரே ஒரு திருத்தம். 95% என்பது 30 பேரோ அதற்கு மேலோ ஆடும் போட்டிக்கான பரிந்துரை. 30க்குக் கீழே என்றால் பரிந்துரை 100%. காரணம் எளிது. ஹேண்டிகேப் அதிகமுள்ளவர்களின் ஸ்கோர் ஏற்ற இறக்கம் அதிகம். ஆள் கூடக் கூட அவர்களில் யாரோ ஒருவருக்கு அன்று பிரமாதமான நாளாக அமையும் வாய்ப்பும் கூடும். அதைச் சமன்செய்யத்தான் 5% வெட்டு. 26 பேருக்கு அது தேவையில்லை. ஆகவே 18.4 காரருக்கு 20 ஸ்ட்ரோக். அதே டீயில் 31.0 காரருக்கு 34. எல்லா ஹோலிலும் ஒன்று, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 1 முதல் 16 வரை இன்னொன்று. 95% போட்டிருந்தால் அவருக்கு 32தான் கிடைத்திருக்கும்.

இன்டெக்ஸ் இல்லாத 5 பேர் விஷயம். மூன்று வழி உண்டு, என் வரிசை இது:

முதல் வழி, இன்டெக்ஸ் வாங்கிவிடுவது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உலக ஹேண்டிகேப் முறையில் 54 ஹோல் ஸ்கோர் போதும். 18 ஹோல் மூன்று முறையோ, 9 ஹோல் ஆறு முறையோ, கலந்தோ தரலாம். மூன்று ஸ்கோர் மட்டும் இருக்கும்போது அதில் சிறந்த ஒன்றை எடுத்து 2 கழிப்பார்கள். அதிகபட்ச இன்டெக்ஸ் 54.0. புதியவர் என்று கூச்சப்படத் தேவையே இல்லை.

இரண்டாவது, நியூ பியோரியா, அன்றைய ஸ்கோரிலிருந்தே ஹேண்டிகேப்பைக் கணக்கிடும் முறை. ஆட்டம் தொடங்குமுன் 12 ஹோல்களை ரகசியமாகத் தேர்ந்து உறையில் போட்டு ஒட்டிவிடுவது. அந்த 12 ஹோல்களின் பார் மொத்தம் 48 வரவேண்டும். ஆட்டம் முடிந்தபின் அந்த 12 ஹோல் ஸ்கோரைக் கூட்டி 1.5ஆல் பெருக்கி, பார் 72 கழித்து, 0.8ஆல் பெருக்கினால் அன்றைய ஹேண்டிகேப். கூட்டுத்தொகை 66 என்றால் 99, அதில் 72 போக 27, அதில் 0.8 பங்கு 21.6.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். ரகசிய ஹோலில் ஒரு அடி கூடினால் ஹேண்டிகேப் 1.2 கூடும். அதாவது அங்கே ஒருவர் 12 அடி அதிகம் அடித்தால் மொத்தம் 12 கூடுகிறது, ஹேண்டிகேப் 14.4 கூடுகிறது. மோசமாக ஆடியதால் நெட் ஸ்கோர் (மொத்த அடியில் ஹேண்டிகேப் போக மீதி) 2.4 குறைந்து மேலே போய்விடுவார்! அதனால்தான் எந்த ஹோலிலும் பாரின் இரு மடங்குக்கு மேல் எழுதக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கவேண்டும். பார்-4இல் 8, பார்-5இல் 10. அதைத் தொட்டதும் பந்தை எடுத்துவிடலாம், நேரமும் மிச்சம்.

மூன்றாவது, உத்தேசமாக 28, 36 என்று ஒரு எண்ணைக் கொடுப்பது. சண்டை வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள்.

பியோரியா போட்டால் அந்த ஆட்களை மற்ற 21 பேரோடு ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். பியோரியா ஹேண்டிகேப் அன்றைய ஸ்கோரிலிருந்தே வருகிறது. இன்டெக்ஸ் பழைய ஸ்கோர்களிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஐவருக்கும் தனிப் பரிசு ஒன்று போதும்.

கார்டுகணக்கு:

30 பேர் வரம்பு சரிதான் பங்கர்வாசி, அதைக் கவனிக்காமல் விட்டது என் பிழை. ரஃப்ஓரம், 100% போட்டே கார்டு தயார் செய்யுங்கள்.

ரஃப்ஓரம்:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. இடைவெளி 10 நிமிடம், மூன்று பேர் குழு முதலில் என்று எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. ஸ்டேபிள்ஃபோர்டில் எப்போது பந்தை எடுத்துவிடலாம் என்பது புதியவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? அணிப் போட்டியும் வைக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். மூன்று பேர் குழுவுக்கு அநியாயம் ஆகாமல் வைக்க முடியுமா?

ஏழாம்இரும்பு:

பந்தை எடுப்பதற்கு ஒரே வரி: *பார் + அந்த ஹோலில் உங்கள் புள்ளிகள் + 1. அத்தனை அடித்தும் பந்து குழிக்குள் போகவில்லை என்றால் எடுத்துவிடு.*

பார்-4, கார்டில் இரண்டு புள்ளி என்றால் 6இல் முடித்தால் 2 பாயின்ட், 7இல் முடித்தால் 1, 8 என்றால் பூஜ்யம். 7 அடித்தும் விழவில்லையா, பையில் போட்டுக்கொண்டு அடுத்த டீக்கு நடக்கலாம். ஒரு புள்ளி என்றால் 6 வரை. புள்ளியே இல்லை என்றால் 5. இதைச் செய்தியில் அனுப்பினால் மட்டும் போதாது, முதல் டீயில் ஒருமுறை வாயால் சொல்லவும் வேண்டும். அனுபவசாலிகள்தான் பூஜ்யத்துக்காக மூன்றடி பட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், புதியவர்கள் இல்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பியோரியா ஆடும் ஐவருக்கு இந்த வரி பொருந்தாது, அவர்களுக்குப் பாரின் இரு மடங்குதான் எல்லை. அவர்களின் கார்டை வேறு நிறத்தில் கொடுங்கள்.

நேரம் போகும் வேறு இடங்கள்:

தொலைந்த பந்து. தேட 3 நிமிடம்தான், 2019க்கு முன்பிருந்த 5 நிமிடம் இன்னும் பலர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு பேரும் ஒரு பந்தைத் தேடவேண்டாம். தன் ஷாட்டை அடித்துவிட்டு வந்து தேடலாம். சந்தேகம் வந்தாலே பிராவிஷனல் பால் (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட ஒரு மாற்றுப் பந்து) அடித்துவிட்டுப் போகவேண்டும். அடிக்குமுன் "இது பிராவிஷனல்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். "இன்னொன்று அடித்துவிடுகிறேன்" என்றால் அது பிராவிஷனல் ஆகாது, அந்த நொடியிலிருந்து அதுதான் ஆட்டத்தில் உள்ள பந்து. முதல் பந்து ஃபேர்வே நடுவில் கிடந்தாலும் பயனில்லை.

தயாரானவர் அடிக்கலாம். தூரத்தில் இருப்பவர் முதலில் என்ற முறை மேட்ச் பிளேயில் (ஹோல் ஹோலாக எதிராளியோடு மோதும் ஆட்டத்தில்) முக்கியம். ஸ்ட்ரோக் பிளேயில், ஸ்டேபிள்ஃபோர்டு உட்பட, பாதுகாப்பாக இருந்தால் தயாரானவர் அடிப்பதை விதியே ஊக்குவிக்கிறது.

பையை வைக்கும் இடம். கிரீனுக்கு முன்னால் விட்டுவிட்டு, முடிந்ததும் திரும்பி வந்து எடுப்பதில் ஹோலுக்கு ஒரு நிமிடம் போகும். 18 ஹோலுக்கு எத்தனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த டீ இருக்கும் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் பட்டரோடு போகவேண்டும். ஸ்கோர் எழுதுவதும் அடுத்த டீயில்தான், கிரீன் மேல் நின்றல்ல.

பங்கர்வாசி:

இதோடு ஒரு லோக்கல் ரூலும் சேர்க்கலாம். பந்து தொலைந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ திரும்பி நடக்காமல், இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக்கோடு அந்தப் பகுதியிலேயே டிராப் செய்யும் (பந்தைக் கையால் கீழே போட்டு ஆடும்) விதி. பந்து போன இடத்துக்கு நேராக, குழிக்குக் கிட்டப் போகாமல், அருகிலுள்ள ஃபேர்வே ஓரத்தைக் கண்டு, அங்கிருந்து ஃபேர்வேக்குள் இரண்டு கிளப் (மட்டை) நீளம் வரை டிராப் செய்யலாம். டீ ஷாட் தொலைந்தால் அடுத்து அடிப்பது நாலாவது அடி. பிராவிஷனல் அடித்திருந்தால் இதைப் பயன்படுத்த முடியாது. நீங்கள் அறிவித்தால்தான் இது செல்லும், அச்சடித்த விதிப்புத்தகத்தில் இருக்கிறது என்பதால் தானாக வந்துவிடாது.

மூணுபட்:

இந்த லோக்கல் ரூலில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டேபிள்ஃபோர்டில் ஒரு ஸ்ட்ரோக் வாங்கும் ஆளுக்குப் பார்-4இல் நாலாவது அடியாக ஃபேர்வேயிலிருந்து அடித்தால், ஆறில் முடிந்து ஒரு பாயின்ட் வரலாம். அந்த ஒரு பாயின்டுக்காக எந்த இடத்தில் டிராப் செய்வது என்று நாலு பேர் கூடிப் பேசுவதில் பிராவிஷனல் அடிக்கும் நேரத்தைவிட அதிகம் போகிறது. பழகிய குழு என்றால் சரி. புதியவர்கள் இருக்கும் குழுவில் பிராவிஷனல், அதுவும் இல்லையா, பந்தை எடுத்துவிடு என்பதே சுத்தம்.

அணிப் போட்டி: ஒவ்வொரு ஹோலிலும் குழுவின் சிறந்த 2 ஸ்டேபிள்ஃபோர்டு பாயின்டுகளைக் கூட்டுவது. மூன்று பேர் குழுவுக்கு மூன்றில் இரண்டு, மற்றவர்களுக்கு நாலில் இரண்டு, வித்தியாசம் பெரிது. தீர்வு, நாலாவது ஆளைக் கடன் வாங்குவது. ஆட்டம் முடிந்து கார்டுகள் வந்தபின், மற்றக் குழுக்களின் கார்டுகளிலிருந்து ஒன்றைக் குலுக்கி எடுத்து அந்த மூவரோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆட்டம் முடிந்த பின் குலுக்கவேண்டும். முன்பே குலுக்கினால் அந்த ஆளை இரண்டு குழு உற்சாகப்படுத்திக்கொண்டிருக்கும். பியோரியா ஐவரும் அணியில் இருந்தால் அவர்களுக்கு ஸ்டேபிள்ஃபோர்டு பாயின்ட் கிடையாது என்பதையும் யோசியுங்கள். ஐவரையும் ஐந்து நாலு பேர் குழுவில் ஆளுக்கொருவராகப் போட்டால் எல்லா அணியிலும் எண்ணிக்கைக்கு மூன்று பேர்தான், குலுக்கலே தேவையில்லை. நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இனி நாலாவது கேள்வி.

நியரஸ்ட் தி பின் பார்-3இல். பந்து கிரீன் மேல் நின்றால்தான் செல்லும், கிரீன் ஓரப் புல்லில் ஒரு அடி தள்ளி இருந்தாலும் கிடையாது. அளப்பது குழியின் விளிம்பிலிருந்து பந்து வரை. முதல் குழுவிடம் அளவு நாடா, குச்சி, மழை உறையில் போட்ட பெயர்த்தாள், நூலில் கட்டிய பென்சில் எல்லாவற்றையும் கொடுத்தனுப்புங்கள். பென்சிலைக் கட்டாமல் விட்டால் மூன்றாவது குழுவுக்கு அது இருக்காது. தாளில் பெயரோடு தூரத்தையும் எழுதச் சொல்லுங்கள். குச்சியை யாராவது தட்டிவிட்டால் எண்தான் சாட்சி. முதல் பார்-3ஐத் தவிருங்கள். ஏழாம்இரும்பு சொன்ன அடைப்பு அங்கேதான் விழும், அளப்பதும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

லாங்கஸ்ட் டிரைவ் நேரான, அகலமான பார்-5இல். வளையும் ஹோலில் வைத்தால் யார் தூரம் என்று தீர்மானிக்கவே முடியாது. பந்து ஃபேர்வேயில் நிற்கவேண்டும். குச்சியை ஃபேர்வே நடுவில் நடாதீர்கள். அடுத்த குழுவின் பந்து அதில் படும். பந்துக்கு நேராக ரஃப் (ஃபேர்வேக்கு வெளியே உள்ள நீளப்புல்) ஓரத்தில் நட்டால் போதும். 18 ஸ்ட்ரோக் வரை ஒரு குச்சி, அதற்கு மேல் வேறு நிறத்தில் ஒரு குச்சி என்று இரண்டு வைத்தால் 30 ஸ்ட்ரோக் ஆளும் ஆர்வமாக அடிப்பார்.

டை பிரேக் முறையை முன்பே எழுதி அனுப்புங்கள். இருவருக்கும் 37 பாயின்ட் என்றால் 10 முதல் 18 வரையான பாயின்ட், அதுவும் சமம் என்றால் 13 முதல் 18, அப்புறம் 16 முதல் 18, கடைசியில் 18ஆம் ஹோல். ஸ்டேபிள்ஃபோர்டில் ஸ்ட்ரோக் ஏற்கெனவே பாயின்டில் அடங்கிவிட்டதால் எதையும் கழிக்க வேண்டாம். உங்கள் கணக்குத் தாளில் இந்த நாலு கூட்டலுக்கும் முன்கூட்டியே பத்தி போட்டு வைத்தால் பரிசு நேரத்தில் கால்குலேட்டரைத் தேட வேண்டாம்.

கார்டுகணக்கு:

கார்டு சரிபார்ப்பு பற்றி நாலு வரி. ஒருவர் கார்டை மற்றவர் எழுதவேண்டும். முதல் டீயிலேயே கார்டுகளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டக்காரர் பொறுப்பு ஒவ்வொரு ஹோலின் அடி எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும். பாயின்ட் கூட்டுவது ஏற்பாட்டாளர் வேலை, ஆகவே கூட்டல் தப்பு என்று யாரையும் நீக்க முடியாது. எழுதியவர், ஆடியவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். எடுத்துவிட்ட ஹோலில் கோடு போடச் சொல்லுங்கள், வெற்றாக விடக் கூடாது; வெற்றிடம் என்றால் எடுத்துவிட்டாரா, எழுத மறந்தாரா என்று தெரியாது.

36 பாயின்ட் என்றால் அவர் தன் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடியிருக்கிறார். யாராவது 45 கொண்டுவந்தால் கைதட்டுமுன் அவர் ஸ்ட்ரோக் எண்ணிக்கையை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் பழைய இன்டெக்ஸாக இருக்கும், இல்லை வேறு டீயின் எண்ணாக இருக்கும். இன்டெக்ஸை ஒரு மாதம் முன்பு வாங்கி வைக்காமல் முந்தின நாள் மறுபடி எடுங்கள்.

ரஃப்ஓரம்:

பியோரியா ஐவரையும் குழுவுக்கு ஒருவராகப் பிரிப்பது நல்ல யோசனை, அப்படியே செய்கிறேன். கடைசியாக இரண்டு: மழை, மின்னல் வந்தால்? அன்று காலை இரண்டு பேர் வரவில்லை என்றால்? கிளப்பிடம் வேறு ஏதாவது கேட்கவேண்டுமா?

ஏழாம்இரும்பு:

மின்னலுக்கு கிளப் சைரன் ஒலிக்கும். நீளமாக ஒரு ஒலி என்றால் உடனே நிறுத்தவேண்டும். பட் போடக் கை ஓங்கியிருந்தாலும் நிறுத்து, பந்தை மார்க் செய்துவிட்டுக் கிளம்பு. மூன்று முறை விட்டு விட்டு ஒலித்தால் அது அவசரமில்லாத நிறுத்தம், அந்த ஹோலை முடித்துவிட்டு வரலாம். இரண்டு சிறிய ஒலி என்றால் மறுபடி தொடங்கலாம். சைரன் வராவிட்டாலும் மின்னல் ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகத் தோன்றினால் ஆட்டக்காரர் தானாகவே நிறுத்தலாம், அதற்குப் பெனால்டி இல்லை. தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

ஆட்டம் பாதியில் நின்றால் முடிவு எப்படி என்பதை முன்பே அறிவியுங்கள். "எல்லாக் குழுவும் 9 ஹோல் முடித்திருந்தால் முதல் 9இன் பாயின்ட், இல்லையேல் போட்டி ரத்து" என்று போதும். எல்லாக் குழுவும் என்பதை மறக்காதீர்கள், முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கிறது. இரண்டு டீயில் தொடங்கியிருந்தால் பாதிப் பேர் வேறு 9 ஆடியிருப்பார்கள். ஒரே டீயில் தொடங்க இதுவும் ஒரு காரணம்.

ஆள் குறைந்தால் மொத்தப் பட்டியலையும் கலைக்காதீர்கள். நாலு பேர் குழுவில் ஒருவர் வரவில்லையா, அது மூன்று பேர் குழு, அவ்வளவுதான். மூன்று பேர் குழுவில் ஒருவர் வராமல் இருவர் ஆகிவிட்டால் மட்டும் அடுத்த நாலு பேர் குழுவிலிருந்து ஒருவரை முன்னால் இழுங்கள். பியோரியா ஆளை இழுக்காதீர்கள், கார்டு எழுதப் பழகிய ஒருவரை இழுங்கள். இப்படி ஆள் குறைந்த குழுவுக்கு அணிப் போட்டியில் எண்ண இரண்டே கார்டு மிஞ்சினால் அப்போது மூணுபட் சொன்ன குலுக்கலைப் போட்டுக்கொள்ளலாம்.

கிளப்பிடம்: கிரீன்களில் துளை போட்டு மணல் தூவும் வேலை எந்த வாரம் என்று முதலில் கேளுங்கள். அந்த வாரத்தில் போய் மாட்டினால் பந்து குதித்துக் குதித்துத்தான் ஓடும். தற்காலிக கிரீன் ஏதாவது உண்டா, எத்தனை பக்கி (கோல்ஃப் வண்டி) கிடைக்கும், ஸ்பைக்குக்கும் உடைக்கும் என்ன விதி, இறுதி எண்ணிக்கை எந்தத் தேதிக்குள் சொல்லவேண்டும், இவை போதும். பக்கி குறைவாகத்தான் இருக்கும். நடக்க முடியாதவர்களுக்கு முதலில் எழுதிவிட்டு, மீதியைக் கேட்ட வரிசையில் கொடுங்கள். பக்கியில் வரும் இருவரும் ஒரே குழுவில் இருக்கவேண்டும், இதைப் பட்டியல் போட்ட பிறகு பார்த்தால் மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டிவரும்.

மூணுபட்:

ஒன்று விட்டுப்போயிற்று. குச்சி, பெயர்த்தாள் எல்லாவற்றையும் எடுத்துவருவது கடைசிக் குழுவின் வேலை என்று அவர்கள் கார்டு ஸ்டிக்கரிலேயே ஹோல் எண்ணோடு அச்சடித்துவிடுங்கள். வாயால் சொன்னால் ஏழாவது ஹோல் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். அப்புறம் பரிசு கொடுக்கும் நேரத்தில் தாளைத் தேடி ஒருவர் பக்கியில் போகவேண்டியிருக்கும்.

ரஃப்ஓரம்:

ஸ்டிக்கரில் சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.